நூற்றிருபது அடிக் குழாய்

எனக்குச் சம்பளம் கொடுப்பது கோடு படிக்க. காவிரிப் படுகையில் எங்காவது எண்ணெய்க்கோ எரிவாயுவுக்கோ கிணறு தோண்டுவார்கள். தோண்டியதும் நீளமான கம்பி வடத்தில் ஒரு கருவியைக் கட்டி அடிவரை இறக்கி, மெல்ல மேலே இழுப்பார்கள். வழியெல்லாம் அது பாறையை அளந்துகொண்டே வரும். பாறையிலிருந்து தானாகக் கிளம்பும் காமாக் கதிர் எவ்வளவு, மின்சாரம் பாய்வதற்கு எவ்வளவு தடை, துளை எந்த இடத்தில் அகன்று கிடக்கிறது என்று ஒவ்வொன்றும் ஒரு கோடாக விழும். அதை லாக் என்போம். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து அந்த லாக்கைப் பார்த்து, இந்த ஆழத்தில் களிமண் பாறை, இங்கே மணற்பாறை, இதில் இருப்பது வெறும் தண்ணீர், அதில் இருப்பது எண்ணெய் என்று எழுதித் தருவது என் வேலை. ஒன்றுமில்லை என்று நான் எழுதினால் கிணற்றில் சிமென்ட் ஊற்றி மூடிவிடுவார்கள். பதினோரு வருஷமாக எழுதுகிறேன். மூடிய கிணற்றுக்குள் உண்மையில் என்ன இருந்தது என்று ஒருவரும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. அதனால் அலுவலகத்தில் நான் கெட்டிக்காரி.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில். அங்கே எண்ணெயும் கிடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது. மலை முழுக்கக் கருங்கல். நான் போளூரில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் குடகில் காப்பித் தோட்டத்தில் கிடந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் பத்தொன்பது வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு மலைக்குத் திரும்பி வந்தவன், "இனிமே அந்தத் தோட்டத்துப் பக்கம் என் காலு போவாது பாப்பா" என்றான். கல் பொறுக்கியே இரண்டரை ஏக்கரைத் திருத்தினான். சாமை விதைத்தான். அந்தச் சாமையையும் நாலு புளிய மரத்தையும் வைத்துக்கொண்டு என்னைக் கல்லூரிக்கு அனுப்பினான். இதையெல்லாம் சொல்லிக் காட்டுகிற ஆள் இல்லை அவன். நானாகச் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று.

போன வருஷம் தை மாதம் அண்ணன் போன் செய்தான். ஓடை வற்றிவிட்டது. அண்ணி தினம் நாலு நடை கீழ் ஊற்றுக்கு இறங்கி ஏறுகிறாள், அவள் முட்டி வீங்கிவிட்டது. மூன்று கோடையாக இதே கதை.

"போர் போட்டு பாத்துடலாம்னு கீறேன். தண்ணி வந்தா இங்கியே கத்திரி, தக்காளின்னு வெச்சுக்குனு இருந்துடலாம். வரலன்னா குடகுக்குதான் போவணும், வேற இன்னா பண்றது? நீ வந்து பாத்து சொல்லு பாப்பா."

"அண்ணா, நான் பாக்கறது எண்ணெய்க் கிணறு."

"மூணு மைலு ஆழத்துல இருக்கறத சொல்ற. முந்நூறு அடில இருக்கறத சொல்ல மாட்டியா?"

சிரித்தேன். பெருமையாகவும் இருந்தது. பெருமையை விழுங்கிக்கொண்டு, அது என் வேலையில்லை அண்ணா என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மாசியில் ஒரு காலை. திருச்செங்கோட்டுப் பக்கத்து போர் வண்டி போளூரிலிருந்து மலைப்பாதையில் முக்கி முக்கி ஏறி வந்து சேர்ந்தது. ஊரே நிலத்தில் கூடிவிட்டது. அண்ணி எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் ஏற்றினாள். அண்ணன் வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்தி, "எங்க பாப்பா கோட்ட பாத்தே சொல்லிடும், கீழ இன்னா கீதுன்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "கம்முனு இருண்ணா" என்று அதட்டினேன். ஆனால் அவன் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

இருபது அடிவரை செம்மண். அதற்குக் கீழே மக்கிய கல், கையில் எடுத்தால் உதிர்கிற கல். நாற்பது அடியைத் தாண்டியதும் சேறாக வர ஆரம்பித்தது. நூற்றிருபதில் கெட்டிப் பாறை தட்டியதும் வண்டி மேஸ்திரி மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு காதிலும் பஞ்சு.

"ஏனுங்க மேடம், இதுக்குக் கீழ பூராவும் கல்லுங்க. மேல நாப்பது அடிக்கு ஓட்டையில்லாத மூடு குழாய் எறக்கிட்டு, அதுக்குக் கீழ கல்லு வரைக்கும் ஓட்டை போட்ட குழாய் எறக்கிடலாங்க. ஈரமெல்லாம் அந்த மக்கின கல்லுலதானுங்க இருக்குது."

அண்ணி குனிந்து அந்தச் சேற்றை ஒரு பிடி அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "சில்லுனு கீது பாப்பா" என்றாள். முகமெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

"இருங்க, அளந்து பாத்துடலாம்" என்றேன்.

அளக்க ஆள் வைத்திருந்தேன். என்னோடு கல்லூரியில் படித்தவன், கண்ணமங்கலத்துக்காரன். தண்ணீர்க் கிணறுகளுக்கு மட்டும் சின்னதாக ஒரு லாக் கருவி வாங்கி, ஒரு பழைய வேனில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். கருவியை இறக்கி ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வேனின் முன்பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக் கோடுகளைக் காட்டினான்.

பார்த்த மாத்திரத்தில் படித்துவிட்டேன். அதுதான் கேடு. இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே மண்டையில் ஏற்றிவிடும் பாடம் அது: காமா அதிகம், மின்தடை குறைவு, துளையும் அகன்று கிடக்கிறது என்றால் அது களிமண் பாறை. அதனால் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. போதாததற்கு இடிந்து விழுந்து கிணற்றைக் கெடுக்கும். மூடு குழாய் போட்டு, குழாய்க்கு வெளியே சிமென்ட் ஊற்றி அடைத்துவிட்டு மேற்கொண்டு கீழே போக வேண்டும். திரையில் நாற்பது அடியிலிருந்து நூற்றிருபது வரை அச்சு அசலாக அதுதான். நூற்றிருபதில் காமா சடாரென்று விழுந்து மின்தடை ஏறுகிறது. எண்ணெய்க் கிணற்றில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் நெஞ்சு படபடக்கும். சுத்தமான பாறை, உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். இது கருங்கல் மலை என்று எனக்குத் தெரியாதா? நான் பிறந்த மலை. மூளைக்குத் தெரியும். பதினோரு வருஷம் பழகிய கண் மூளையைக் கேட்கவில்லை.

"மேல இருக்கறது களி. மொத்தமும் மூடு குழாய் போடுங்க. நூத்தி இருபது அடிக்கும். வெளிய சிமென்ட் ஊத்திடுங்க. கீழ வெடிப்புல நல்ல தண்ணி கிடைக்கும், கோடையிலயும் நிக்கும்" என்றேன்.

மேஸ்திரி தயங்கினார். "அறுவதடியில தண்ணி நிக்குதுங்களே?"

"அது நீங்க ஊத்தினதுங்க." இதுவும் பாடம்தான். துளைக்குள் நிற்கும் திரவத்தை நம்பாதே, அது தோண்டுகிறவன் ஊற்றியது என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

"தூசி அடங்க ரெண்டு குடம் ஊத்துனேனுங்க. உள்ள ஆளு முழுகற தண்ணி நிக்குதுங்க."

"என்னங்க, நான் இதையே தொழிலா பண்றேன். உங்களுக்குச் சொன்னா புரியாது."

அப்படித்தான் சொன்னேன். ஊர் முழுக்க நிற்க, முப்பது வருஷம் துளை போட்ட மனுஷனைப் பார்த்து, பெரிய இவள் மாதிரி. வேன்காரன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான், வாயே திறக்கவில்லை. மேஸ்திரி அண்ணனைப் புளிய மரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், எனக்குக் கேட்கவில்லை. நான் மும்முரமாகத் திரையைப் பெரிதுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் திரும்பி வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாப்பா சொல்றத போடுங்க" என்றான்.

குழாய் இறங்கியது. வெளியே சிமென்ட் இறங்கியது. ஒரு நாள் காய விட்டு, மறுநாள் குழாய்க்குள்ளே விட்டுத் துளைத்தார்கள். இருநூறு அடி. புகை. மாவு மாதிரி கல் தூள் மேலே வந்து கொட்டியது. முந்நூறு, ஐந்நூறு, புகை. அண்ணி தலை, முகமெல்லாம் வெள்ளையாகி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் குடம் வைத்திருந்தாள், முதல் தண்ணீரைப் பிடித்துச் சாமிக்கு ஊற்ற. எழுநூறில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எண்ணூற்றைம்பதில் அண்ணன் கையைத் தூக்கி, "போதும், நிறுத்திடுங்க" என்றான். சத்தம் நின்றதும் அண்ணி குடத்தைக் கவிழ்த்து, அதில் விழுந்திருந்த தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "இந்த மண்ணுல தண்ணி இல்லண்ணா." டாக்டர் சொல்வதுபோலச் சொன்னேன். அவன் தலையாட்டினான். குழாய் வாயில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தான்.

வைகாசியில் இரண்டு பேரும் குடகுக்குக் கிளம்பினார்கள். நான் போளூர் பஸ் நிலையத்துக்குப் போய் வழியனுப்பினேன். அதே டிரங்குப் பெட்டி. அண்ணி வழிக்குச் சாமைச் சோறு கட்டியிருந்தாள், எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாள். பஸ் நகரும்போது அண்ணன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "வுடு பாப்பா, நம்ம கையில இன்னா கீது" என்றான்.

ஆடியில் ஒரு மத்தியானம், அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், வேன்காரன் போன் செய்தான். ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் போர் போட்டாராம். அதே வண்டி, அதே மேஸ்திரி. நூற்றுப்பத்து அடியோடு நிறுத்தி, ஓட்டை போட்ட குழாய் இறக்கினார்களாம். தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வருகிறதாம்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?" என்றான். "உங்க அண்ணன் கெணத்து லாக்க ஒருவாட்டி தொறந்து பாரேன்."

திறந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தேன், இது கருங்கல் மலை என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு. மக்கிய கல்லில் காமா ஏறியிருப்பது களிமண்ணால் இல்லை. எங்கள் மலைக் கல்லிலேயே இருக்கிற பொட்டாசியம், கல் மக்கி மற்றதெல்லாம் கரைந்து போக, அது மட்டும் அங்கேயே செறிந்து தங்கிவிட்டது. மின்தடை குறைந்திருப்பது உள்ளே தண்ணீர் நிற்பதால். துளை அகன்றிருப்பது கல் உதிர்ந்ததால், உதிர்ந்த கல்லின் இடுக்கில்தான் தண்ணீர் தங்கும். மூன்று கோடும் ஒரே வார்த்தையைத்தான் கத்திக்கொண்டிருக்கின்றன. நூற்றிருபதுக்குக் கீழே மின்தடை ஏறியதும் சரக்கு இருப்பதால் இல்லை. அங்கே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாததால். தண்ணீர் இருந்த எண்பது அடியையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, இல்லாத இடத்தில் எழுநூற்று முப்பது அடி தேடியிருக்கிறேன். அடிப்பாவி!

"நீ அன்னிக்கே பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டா சொல்லல? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"நீ ஆயில் கம்பெனில இருக்கறவ. நான் போர் வண்டி பின்னாடி சுத்தறவன். மேஸ்திரிக்கு நீ சொன்ன பதில் என் காதுலயும்தான விழுந்துது? உனக்கு நான் இன்னா சொல்றது?"

அவனைக் கண்டபடி திட்டினேன். திட்டி முடித்தபோது அவன் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தான்.

ஏதாவது வழி இருக்குமா என்று இரண்டு நாள் பைத்தியம்போல யோசித்தேன். எண்ணெய்க் கிணற்றில் இப்படிக் குழாய்க்கு வெளியே மாட்டிக்கொண்டால், உள்ளே வெடி இறக்கி இரும்புக் குழாயைத் துளைத்துவிடுவோம். ஒடுகத்தூர்க் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குழாய் அதற்குத் தாங்குமா, நொறுங்கி உள்ளேயே உட்கார்ந்துவிடும். பக்கத்திலேயே இன்னொரு போர் போட வேண்டியதுதான், வேறு வழியில்லை. அதற்கு அண்ணனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் அவனுக்கு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து, போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். "அண்ணா, தண்ணி இருந்துதுண்ணா. நான்தான் அடச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"தெரியும் பாப்பா. மேஸ்திரி அன்னிக்கே சொன்னாரு, புளிய மரத்தாண்ட. தங்கச்சி தப்பா சொல்லுது, இத போட்டா தண்ணிய நாமளே அடச்சதா ஆயிடும்னாரு."

"தெரிஞ்சுமா போடச் சொன்ன?"

"அவுரு ஒண்ணு சொல்றாரு, நீ ஒண்ணு சொல்ற. ஊரே நிக்குது. எங்க பாப்பா, எங்க பாப்பான்னு காலையிலேர்ந்து சொல்லிக்குனு கீறேன். அத்தன பேரு எதிர்ல உனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொல்றதா? நீயே கரெக்டா இருப்பன்னும் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்."

நான் அழுதேன். இன்னொரு போர் போடலாம் அண்ணா, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கிளம்பி வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டேன் பாப்பா. ஓடைக்கு அந்தாண்டகாரருதான் எடுத்துனு கீறாரு. அஞ்சு வருஷத்துக்கு கையெழுத்து போட்டாச்சு. அது முடியட்டும், பாக்கலாம்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணு. அண்ணி கிட்ட சொல்லிடாத. அவளுக்குத் தெரியாது. சேத்த அள்ளி மூஞ்சில வெச்சுக்குனு நின்னாளே, அவ தாங்க மாட்டா. நம்ம மண்ணுல இல்லன்னே நெனச்சுக்குனு இருக்கட்டும்."

மறுநாள் அலுவலகத்தில் ஒரு புதுக் கிணற்றின் லாக் என் மேசைக்கு வந்தது. ஓரிடத்தில் காமா அதிகம், மின்தடை குறைவு. அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை கிணற்றுக்கு இப்படி ஒரே நிமிஷத்தில் எழுதித் தள்ளியிருப்பேன் என்று எண்ணப்போய், பாதியில் விட்டுவிட்டேன். சாயங்காலம் மேலதிகாரி கேட்டபோது, களிமண், ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது களிமண்தான் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் நான் நினைக்க மாட்டேன், எனக்குத் தெரியும்.

இந்தச் சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு பேரும் நாலு நாள் வந்தார்கள். நானும் போயிருந்தேன். அண்ணன் இளைத்திருந்தான். அண்ணியின் கெண்டைக்காலில் அட்டை கடித்த தழும்புகள் வரிசையாக இருந்தன, முட்டி இன்னும் வீங்கித்தான் இருந்தது. காலையில் அவள் நிலத்தைப் பார்த்து வரலாம் வா என்று கூப்பிட்டாள். எனக்குப் போகப் பிடிக்கவில்லை, போனேன்.

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு ஓஸ் எங்கள் நிலத்துக்குள் வந்திருந்தது. நிலம் முழுக்கக் கத்திரி, காய் தொங்கியது. நடுவில் எங்கள் குழாய், அண்ணன் வைத்த கல் அப்படியே அதன்மேல் இருந்தது. குழாயில் யாரோ ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். அண்ணி ஓஸ் முனையைத் தூக்கிப் பிடித்துக் காலைக் கழுவினாள். கொஞ்சம் கையில் பிடித்து முகத்திலும் விட்டுக்கொண்டாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

என் முகத்தைப் பார்த்தவள் என்ன நினைத்தாளோ, ஈரக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏன் பாப்பா மூஞ்ச இப்டி வெச்சுக்குனு கீற? அந்தாண்ட தண்ணி ஓடுது, இந்தாண்ட இல்ல. சாமி அப்டி வெச்சுட்டுது. லீவு போட்டுட்டு வந்து, ரெண்டு நாளு வெயில்ல நின்னு, உன்னால ஆனத பண்ண. இல்லாத தண்ணிக்கு நீ இன்னா பண்ணுவ?"

அண்ணன் வரப்பில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா அண்ணி" என்றேன்.